எம்3 டாங்கி: செய்தவர் ஒருவர், ஓட்டியவர் மூவர், தீர்ப்பும் மூன்று

அமெரிக்காவின் எம்3 நடுத்தர டாங்கி நல்லதா கெட்டதா என்று கேட்டால், யார் கையில் இருந்தது என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. 1942 மே மாதம் லிபியப் பாலைவனத்தில் பிரிட்டிஷ் படைக்கு அது கைக்கு வந்த வரம். அதே ஆண்டு அதைப் பெற்றுக்கொண்ட சோவியத் வீரர்கள் அதற்கு வைத்த பட்டப்பெயர் 'ஏழு சகோதரர்களுக்கு ஒரே சவக்குழி'. 1944-ல் இம்பால், கொஹிமா மலைகளில் அதன் பின்னால் ஏறிய காலாட்படைக்கோ ஜப்பானியப் பதுங்குகுழிகளை உடைத்துக் கொடுத்த வண்டி அதுதான். இரும்பு ஒன்று, செய்த நாடு ஒன்று. எதிரே நின்றவனும் காலடி நிலமும் மட்டும் வேறு.

நட்பு நாட்டு ஆயுதத்தை வாங்கிப் போரிடும் படைக்கு என்னென்ன வசதி, என்னென்ன தலைவலி என்பதைக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. ஆகவே இந்த மதிப்பீடு டாங்கியைப் பற்றியது மட்டுமில்லை. இரவல் வாங்கியவர்கள் அதை எப்படிப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள் என்பதைப் பற்றியதும்தான்.

பொருள் எப்படிப்பட்டது

1940 கோடையில் பிரான்சில் தன் கவச வண்டிகளில் பெரும்பகுதியை விட்டுவிட்டுத் திரும்பிய பிரிட்டன், தன் சொந்த வடிவங்களை அமெரிக்க ஆலைகளில் செய்து தரச் சொல்லிக் கேட்டது. அமெரிக்கர்கள் மறுத்துவிட்டார்கள். தங்கள் படைக்கு எதைச் செய்கிறோமோ அதைத்தான் தருவோம் என்றார்கள். அவர்களிடமும் கையிருப்பில் உருப்படியான நடுத்தர டாங்கி கிடையாது. 75 மி.மீ. பீரங்கி வேண்டும் என்பது தெரிந்திருந்தது. ஆனால் அதைத் தாங்கும் அளவுக்குப் பெரிய டரட்டை, அதாவது மேலே சுழலும் கூண்டை, வடிவமைத்து வார்க்க நேரம் பிடிக்கும். அதுவரை சும்மா இருக்க முடியாதே என்று பெரிய பீரங்கியை உடலின் வலப்பக்கத்தில் ஒரு புடைப்புக்குள் வைத்தார்கள். மேலே சிறு டரட்டில் 37 மி.மீ. பீரங்கி. இடைக்கால ஏற்பாடு என்று எல்லோருக்கும் தெரிந்தே செய்த வண்டி அது. 1941 நடுவில் தொடங்கி 1942 டிசம்பரில் உற்பத்தி நின்றது. எல்லா வகையும் சேர்த்து 6,258.

பிரிட்டன் ஒரே ஒரு பெரிய மாற்றம் கேட்டது. அமெரிக்க அமைப்பில் ரேடியோ கீழே, உடலுக்குள். பிரிட்டிஷ் வழக்கப்படி அது தளபதிக்குக் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். எனவே பின்புறம் நீண்ட, 19ஆம் எண் ரேடியோ உட்காரும்படியான புது டரட்டைப் போட்டார்கள். அமெரிக்க டரட்டின் உச்சியில் எந்திரத் துப்பாக்கியுடன் இருந்த குட்டிக் கூண்டையும் எடுத்துவிட்டார்கள். இப்படி மாற்றியது 'கிராண்ட்'. மாற்றாதது 'லீ'. அமெரிக்க உள்நாட்டுப் போரில் எதிரெதிரே நின்ற இரண்டு தளபதிகளின் பெயர்களை ஒரே டாங்கிக்கு வைத்தவர்கள் பிரிட்டிஷார். குசும்பு இருந்திருக்கும் போல.

படத்தில் பார்த்து அடையாளம் காண வேண்டுமானால் உச்சியைப் பாருங்கள். கேக் அடுக்கு போல மூன்றாவது ஒரு தட்டு இருந்தால் லீ, இல்லாவிட்டால் பெரும்பாலும் கிராண்ட். லீயின் உயரம் 3.12 மீட்டர், கிராண்ட் அதைவிட ஒரு சாண் குறைவில்லை, அதில் பாதிதான் குறைவு. எடை 27, 28 டன். முன்புறக் கவசம் 51 மி.மீ., பக்கம் 38. பணியாளர் அமெரிக்கக் கணக்கில் ஏழு பேர், ரேடியோ மேலே போனதால் கிராண்டில் ஆறு பேர்.

காசுக்கு மதிப்பு எங்கே இருந்தது

கவசத்திலோ வேகத்திலோ இல்லை. 75 மி.மீ. பீரங்கி சுடும் வெடிகுண்டில்.

இதைப் புரிந்துகொள்ள பிரிட்டிஷ் டாங்கிகளில் அதற்கு முன் இருந்த '2 பவுண்டர்' பீரங்கியைப் பார்க்க வேண்டும். 40 மி.மீ. வாய், ஒரு கிலோவை ஒட்டிய எடையுள்ள கெட்டிக் குண்டு. கவசத்தைத் துளைக்கும், அவ்வளவுதான். டாங்கிப் படைகளுக்கு அதில் வெடிக்கும் குண்டு கொடுக்கப்படவில்லை. அதன் விளைவு என்னவென்றால், ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் மணலில் குழிவெட்டி உட்கார்ந்திருக்கும் ஜெர்மன் டாங்கி எதிர்ப்புப் பீரங்கிக் குழுவை பிரிட்டிஷ் டாங்கியால் ஒன்றும் செய்ய முடியாது. கெட்டிக் குண்டு பீரங்கியின் மேல் நேராகப் பட்டால்தான் உண்டு; ஒரு முழம் தள்ளி விழுந்தால் மணல்தான் தெறிக்கும். ஜெர்மன் தளபதி ரோமலின் படை டாங்கியை டாங்கியால் மட்டும் அடிக்கவில்லை. பிரிட்டிஷ் டாங்கிகளை இழுத்துக்கொண்டு போய்த் தன் 88 மி.மீ., 50 மி.மீ. பீரங்கி வரிசையின் முன் நிறுத்தியது.

எம்3-இன் வெடிகுண்டு ஆறரைக் கிலோவுக்குச் சற்று மேல். பீரங்கிக் குழுவுக்குப் பக்கத்தில் விழுந்தாலே போதும். 1942 மே 27 அன்று கஸாலாப் போரில் ஜெர்மன் கவசப் படைகள் தெற்கே சுற்றி வந்தபோது, தங்களுக்குத் தெரியாத ஒரு பெரிய பீரங்கி தூரத்திலிருந்தே தங்கள் டாங்கிகளை அடிப்பதைக் கண்டு திகைத்தார்கள். அந்தப் போரில் பிரிட்டன் ஜெயிக்கவில்லை, டோப்ருக் துறைமுகமும் போயிற்று. ஆனால் அது கிராண்டின் தவறில்லை. துண்டு துண்டாக அனுப்பி இழந்தவர்களின் தவறு.

இந்த 75 மி.மீ. பீரங்கியின் பூர்வீகம் 1897-ஆம் ஆண்டு பிரெஞ்சுக் களப் பீரங்கி. முதல் உலகப்போரில் அமெரிக்கர்கள் தாங்களே பிரெஞ்சுக்காரர்களிடம் வாங்கிச் சுட்ட பீரங்கி அது. இரவல் பொருள் இன்னொரு கைக்கு இரவலாகப் போயிருக்கிறது.

குண்டுப் பிரச்சினை: பகைவன் பெட்டியிலிருந்து ஒரு தீர்வு

வெடிகுண்டு அருமை. துளைக்கும் குண்டு சுமார். எம்72 என்ற ஆரம்பகாலக் கெட்டிக் குண்டு சாதாரணக் கவசத்தைத் துளைக்கும். ஆனால் ஜெர்மன் டாங்கிகளின் முன்தகடு மேற்பரப்பு மட்டும் தனியாகக் கடினப்படுத்தப்பட்டது. அதில் மோதினால் குண்டின் மூக்கு நொறுங்கிவிடும். மேலே தொப்பி வைத்த எம்61 குண்டு அதற்குச் சரியான மருந்து. ஆனால் அது போதிய அளவில் வந்துசேரத் தாமதமானது.

அதற்கிடையில் மத்திய கிழக்கின் பட்டறைகளில் நடந்தது இந்தக் கதையிலேயே மிக ருசியான பகுதி. ஜெர்மனியின் நான்காம் எண் பான்சர் டாங்கிக்கும் 75 மி.மீ. பீரங்கிதான். அதன் தொப்பி வைத்த துளைக்கும் குண்டுகள் ஏராளமாகக் கைப்பற்றப்பட்டிருந்தன. குண்டை உறையிலிருந்து கழற்றி, அதைச் சுற்றியுள்ள செம்புப் பட்டையை லேத்தில் கடைந்து அமெரிக்கக் குழலின் அளவுக்குக் கொண்டுவந்து, அமெரிக்க உறையில் அமெரிக்க வெடிமருந்தோடு பொருத்தினார்கள். அமெரிக்க டாங்கி, பிரிட்டிஷ் பணியாளர், ஜெர்மன் குண்டு! பட்டையைக் கூடுதலாகக் கடைந்தால் குழலின் வரிப்பள்ளங்களில் பிடிப்பு இருக்காது, குண்டு சுழலாமல் தள்ளாடும். குறைவாகக் கடைந்தால் உள்ளே நுழையாது. வலுக்கட்டாயமாகத் தள்ளினால் ஆபத்து. லேத்காரரின் கையில் இருந்தது முழு வித்தையும்.

எந்திரத் துப்பாக்கித் தோட்டாவில் தொல்லை வேறு மாதிரி. டாங்கியில் இருந்த பிரவுனிங் அமெரிக்க .30 தோட்டாவைச் சுடும். பிரிட்டிஷ், இந்தியப் படைகளின் ரைஃபிளும் பிரென் துப்பாக்கியும் .303. பெயரில் இருக்கும் ஒற்றுமையைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஒன்றின் தோட்டா மற்றதில் வேலை செய்யாது. இந்தக் குழப்பம் இங்கிலாந்து வரை போனது. அங்கே உள்நாட்டுக் காவல் படைக்கு வந்த அமெரிக்க ரைஃபிள்களின் மரப்பகுதியில் சிவப்புப் பட்டை தீட்டி வைத்தார்கள், .303 போட்டுவிடாதே என்பதற்காக. சோவியத் ரைஃபிள் தோட்டாவும் மில்லிமீட்டர் கணக்கில் அமெரிக்கத் தோட்டாவைப் போலவே 7.62தான், உறை நீளம் ஒன்றுக்கு 54, இன்னொன்றுக்கு 63. எண்ணை மட்டும் பார்த்துப் பெட்டியை ஏற்றிவிடும் கிடங்குக்காரர் ஒரு படைப்பிரிவையே வெறுங்கையோடு நிறுத்திவிடலாம்.

எஞ்சினும் ஓட்டமும்

பெரும்பான்மை வண்டிகளில் இருந்தது விமானத்துக்கான ரேடியல் எஞ்சின், அதாவது ஒன்பது சிலிண்டரும் வட்டமாக நிற்கும் ரைட் ஆர்-975. பெட்ரோலில் ஓடும், காற்றால் குளிரும். தண்ணீர் பம்பு கிடையாது, ரேடியேட்டர் கிடையாது. குரூசேடர் டாங்கியின் கசியும் தண்ணீர் பம்போடு மல்லுக்கட்டிய பிரிட்டிஷ் மெக்கானிக்குக்கு இது ஒன்றே பாதி நிம்மதி.

ஆனால் ரேடியலுக்கு என்று ஒரு குணம் உண்டு. எஞ்சின் நின்றிருக்கும்போது ஆயில் மெல்ல வடிந்து கீழ்ப்பக்கச் சிலிண்டர்களுக்குள் தேங்கும். அப்படியே ஸ்டார்ட்டரை அழுத்தினால் பிஸ்டன் மேலே வரும்போது ஆயில் அமுங்காது. கனெக்டிங் ராடு வளையும், சிலிண்டர் தலையே போனாலும் போகும். அதனால் சிறிது நேரம் நின்றிருந்த வண்டியை எழுப்ப ஒரு சடங்கு கட்டாயம்: இக்னிஷனை அணைத்துவிட்டு, பின்னால் கைப்பிடியைச் செருகி, இரண்டு பேர் மாறி மாறிப் பல பத்துச் சுற்று சுற்ற வேண்டும். ஓர் இடத்தில் கை தடைபட்டால் வலுக்கட்டாயமாகச் சுற்றக் கூடாது. அங்கே ஆயில் நிற்கிறது என்று பொருள். கீழ்ச் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வடிய விட வேண்டும். அவசரத்தில் இதைத் தாண்டியவர்கள் எஞ்சினையே மாற்ற வேண்டி வந்தது. தண்ணீரில் குளிரும் எஞ்சினில் பழகிய ஓட்டுநர் முதல் வாரத்தில் செய்யும் தப்பு இதுதான்.

எஞ்சின் பின்னால், கியர்பாக்ஸ் முன்னால். இரண்டையும் இணைக்கும் தண்டு பணியாளர் நிற்கும் இடத்தின் நடுவே சாய்ந்து போகிறது. ரேடியல் எஞ்சினின் மையம் உயரத்தில் இருப்பதால் தண்டும் உயரம், தண்டுக்கு மேல் தளம், தளத்துக்கு மேல் ஆட்கள், ஆட்களுக்கு மேல் டரட். மூன்று மீட்டர் உயரம் வந்ததற்குக் காரணம் இந்த அடுக்குதான். அழகுக்குறைவாக யாரும் வரைந்துவிடவில்லை.

அடிச்சக்கர அமைப்புக்குத் தாராளமாக மதிப்பெண் போடலாம். ஒரு பக்கத்துக்கு மூன்று தொகுதிகள், ஒவ்வொன்றிலும் இரண்டு சக்கரம், நடுவே சுருள்வில். எல்லாம் வெளியே போல்ட்டில் தொங்குகிறது. கண்ணிவெடியில் ஒரு தொகுதி போனால் ஜாக்கி வைத்துத் தூக்கி, போல்ட்டைக் கழற்றிப் புதிதை மாட்டிவிடலாம்; டாங்கியின் வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை. முன்பக்கக் கியர்பாக்ஸும் போல்ட் போட்ட மூக்குப்பகுதியோடு வெளியே வரும். கார் ஆலைக்காரர்கள் செய்தது என்பது இங்கே தெரிகிறது.

அந்தப் போல்ட்டைக் கழற்ற ஸ்பேனர் வேண்டுமே, அங்கேதான் மாட்டிக்கொண்டார்கள். பிரிட்டிஷ் மரை விட்வொர்த் முறை, பற்களின் கோணம் 55 டிகிரி. அமெரிக்க மரை 60 டிகிரி. ஸ்பேனரின் அளவையும் பிரிட்டிஷார் போல்ட்டின் தடிமனை வைத்துச் சொல்வார்கள், அமெரிக்கர்கள் நட்டின் இரு பக்கத்துக்கு இடையே உள்ள அகலத்தை வைத்து. ஆகவே 'அரை இஞ்ச்' என்று கேட்டால் இரண்டு பட்டறையிலும் இரண்டு வேறு ஸ்பேனர் வரும். ஏறக்குறைய பொருந்தும் ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் நட்டின் முனை மழுங்கும். ஏறக்குறைய பொருந்தும் போல்ட்டை முறுக்கினால் நான்கு சுற்று ஏறி, பிறகு மரை அறுந்துவிடும். இரண்டு நாட்டுப் போல்ட்டுகளையும் ஒரே டப்பாவில் போடுவது குற்றம் என்று நடத்தினால்தான் பட்டறை ஓடும். போர் முடிந்து 1948-ல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் சேர்ந்து ஒரே மரை அளவுக்கு ஒப்புக்கொண்டதற்கு இந்த அனுபவம் ஒரு முக்கியக் காரணம்.

குறைகள், எதையும் விடாமல்

பெரிய பீரங்கி உடலில் கீழே இருக்கிறது. மேட்டுக்குப் பின்னால் மறைந்து டரட்டை மட்டும் நீட்டிச் சுடுவது டாங்கிக்காரரின் அரிச்சுவடி. எம்3-இல் அது முடியாது. 75-ஐச் சுட வேண்டுமானால் ஏறத்தாழ முழு வண்டியையும் மேட்டின் மேல் காட்டியாக வேண்டும். பீரங்கி இடமும் வலமும் திரும்புவது பதினைந்து டிகிரி அளவுதான்; அதற்குமேல் குறி தள்ளிப்போனால் ஓட்டுநர் வண்டியையே திருப்ப வேண்டும். பீரங்கி வலப்பக்கம் என்பதால் இடப்பக்கம் குருடு. இந்த வண்டியில் ஓட்டுநரும் பாதிப் பீரங்கிக்காரர்.

ஆரம்ப வகைகளின் உடல் ரிவெட் அடித்தது. வெளியே குண்டு பட்டுத் துளைக்காவிட்டாலும் ரிவெட்டின் கழுத்து அறுந்து, உள்ளிருக்கும் பகுதி தோட்டா போலப் பறக்கும். கவசம் காப்பாற்றியது, ரிவெட் கொன்றது என்ற கதை. பின்னால் வார்ப்பு உடலும் வெல்டிங் உடலும் வந்தன. ஆனால் 6,258-இல் 4,900-க்கு மேல் பழைய ரிவெட் வகைதான். பக்கக் கதவுகள் ஏறி இறங்கவும் குண்டு ஏற்றவும் வசதி, கவசத்துக்குப் பலவீனம். பிந்தைய வண்டிகளில் அடைத்துவிட்டார்கள்.

பீரங்கி உயரத்தை ஓட்டத்தில் நிலைநிறுத்தும் கைரோ கருவி ஒன்றும் உண்டு. காகிதத்தில் பிரமாதம். பழக்கிக் கொடுக்க நேரமில்லாத படைகளில் பலர் அதை அணைத்துவைத்துவிட்டு, நின்று சுட்டார்கள். பயிற்சி இல்லாமல் வரும் நுட்பம் எடைதான்.

சோவியத் வாடிக்கையாளரின் கோபம் நியாயமா?

பெருமளவுக்கு நியாயம். 1,386 வண்டிகள் அனுப்பப்பட்டன; நானூறுக்கும் மேல் வழியிலேயே கடலுக்குள் போயின. 1942 ஜூலையில் சிதறடிக்கப்பட்ட பிக்யூ-17 கப்பல் அணியில் மட்டும் பல வகையிலுமாக 430 டாங்கிகள் மூழ்கின.

வந்து சேர்ந்ததை அவர்கள் எதோடு ஒப்பிட்டார்கள்? டி-34-ஓடு. அதன் உயரம் இரண்டரை மீட்டருக்குள், சரிந்த கவசம், அகலமான தடம், டீசல் எஞ்சின், சுழலும் டரட்டிலேயே 76 மி.மீ. பீரங்கி. பிரிட்டிஷாருக்கு எம்3 மேலே ஏறும் படி. சோவியத்துக்குக் கீழே இறங்கும் படி. எதிரியும் மாறிவிட்டான். 1942 நடுவிலிருந்து ஜெர்மனியர்களின் நீண்ட குழல் 75 மி.மீ. பீரங்கி கிழக்கு முனையில் பெருகியது. திறந்த புல்வெளியில் மூன்று மீட்டர் உயர வண்டி அதற்கு நல்ல குறி.

ரப்பர் கட்டைகளால் ஆன தடம் சாலையில் சத்தமில்லாமல் ஓடும், பனிக்கட்டியில் சறுக்கும். வண்டி தீப்பிடித்தால் தடமும் எரியும். சறுக்கலுக்கு மருந்து, தடத்தின் ஓரத்தில் இரும்புப் பற்களை மாட்டுவது. அது இறுகியிருக்கிறதா என்று அடிக்கடி பார்க்காவிட்டால் கழன்று போகும். சோவியத் பீரங்கிகளின் 76.2 மி.மீ. குண்டு 75 மி.மீ. குழலுக்கு ஆகாது. எனவே ஒவ்வொரு குண்டும் கடல் தாண்டித்தான் வர வேண்டும். வண்டியோடு வந்த தாம்சன் சிறு எந்திரத் துப்பாக்கிக்கும் அதே கதி: .45 தோட்டாப் பெட்டி தீர்ந்தால் அது வெறும் இரும்பு.

ஆனாலும் தூக்கி எறியவில்லை. 1943 குர்ஸ்க் போரிலும் எம்3 படைப்பிரிவுகள் நின்றன. அமெரிக்க ரேடியோ அவர்களுக்குப் பிடித்திருந்தது. தங்கள் டாங்கிகளில் பலவற்றில் ரேடியோவே இல்லாத காலம் அது.

பர்மா: சரியான கடைக்கு வந்து சேர்ந்த சரக்கு

மத்திய தரைக்கடல் பகுதியில் ஷெர்மன் டாங்கி வந்ததும் எம்3-கள் இந்தியாவுக்குத் தள்ளிவிடப்பட்டன. பழைய சரக்கு என்ற நினைப்பில்தான். ஆனால் இங்கே எதிரே இருந்த ஜப்பானிய 95-ஆம் வகை இலகு டாங்கியின் கவசம் 12 மி.மீ. ஜப்பானியரின் வழக்கமான 37 மி.மீ. எதிர்ப்புப் பீரங்கி எம்3-இன் முன்தகட்டை ஒன்றும் செய்யவில்லை. பின்னால் வந்த 47 மி.மீ. பீரங்கி மட்டும் மதிக்கத்தக்கது. அதுவும் பக்கவாட்டில், கிட்டத்தில்.

உண்மையான எதிரி பதுங்குகுழி. மரக்கட்டை அடுக்கி, மேலே மண் போட்டு, புதர் மூடி, வயலைப் பார்த்தபடி எந்திரத் துப்பாக்கி. விமானக் குண்டுக்கும் தூரத்துப் பீரங்கிக்கும் அசையாது. இதற்கு 25-ஆவது டிராகூன்ஸ் போன்ற படைகள் அரக்கானில் 1944 தொடக்கத்தில் பழகிய முறை, இந்த வண்டியின் பயனர் கையேட்டிலேயே சேர்த்திருக்க வேண்டியது. முதலில் பட்டவுடன் வெடிக்கும் குண்டு: புதரும் கிளையும் பறந்து பதுங்குகுழியின் வாய் தெரியும். அடுத்து, அதே குண்டின் ஃபியூஸைத் தாமதத்துக்குத் திருகிவைத்துச் சுடுவது: மண்ணுக்குள் புகுந்து வெடித்துக் கூரையைக் கலைக்கும். இதற்குள் காலாட்படை ஊர்ந்து நெருங்கியிருக்கும். கடைசியாக வெடிக்காத கெட்டிக் குண்டு: வாயை அடித்துக்கொண்டே இருக்கும், ஆனால் சில்லு தெறிக்காது, ஆகவே சில கஜ தூரம் வரை நம் ஆட்கள் முன்னேறலாம். வரிசை மாறினால் சொந்த ஆட்களே சாவார்கள். ஃபியூஸைத் திருகும் ஆள் தூங்கிவழியக் கூடாது.

மேல் டரட்டின் 37 மி.மீ.யும் இங்கே புது வேலை கற்றது. அதற்கு ஒரு சிதறு குண்டு உண்டு: தகரக் குடுவைக்குள் 122 எஃகுக் கோலிகள். குழல் வாயிலிருந்தே விரிந்து போகும். இலை தழையை மழிக்கவும், மரத்தில் ஒளிந்திருக்கும் குறிபார்ப்பவனை இறக்கவும், பக்கத்து டாங்கியின் மேல் ஏறிவிட்டவர்களைத் துடைக்கவும் இதுதான். இரண்டு பீரங்கி என்ற அசௌகரியமான வடிவமே காட்டில் சௌகரியமாகிவிட்டது: கீழது குழியை உடைக்கும், மேலது சுற்றுப்புறத்தைப் பார்த்துக்கொள்ளும்.

ஆனால் மலைமுகட்டில் வடிவத்தின் குறை விலை கேட்டது. 1944 ஏப்ரல் 13, இம்பால் சமவெளியின் ஓரத்தில் நுன்ஷிகம் குன்று. 3-ஆவது கராபினியர்ஸ் படையின் டாங்கிகள், 17-ஆம் டோக்ரா படையின் முதல் பட்டாலியனோடு, ஏற முடியாது என்று ஜப்பானியர் நம்பிய சரிவில் ஏறின. முகடு ஒரு வண்டி அகலம். எம்3 நின்ற இடத்தில் சுழலாது, நகர்ந்துகொண்டேதான் திரும்பும். திரும்ப இடமில்லாவிட்டால் 75-ஐக் குறிக்குக் கொண்டுவர முடியாது. மூடியை அடைத்துக்கொண்டால் தளபதிக்கு எதுவும் தெரியாது, ஓட்டுநரை அங்குலம் அங்குலமாக வழிநடத்தத் தலையை வெளியே நீட்டித்தான் ஆக வேண்டும். நீட்டியவர்கள் அடிபட்டார்கள். டாங்கி, காலாட்படை இரண்டிலும் பிரிட்டிஷ் அதிகாரிகள் எல்லோரும் வீழ்ந்தபின், சார்ஜன்ட் மேஜர் கிராடக்கும் டோக்ராக்களின் சுபேதார் ரன்பீர் சிங்கும் பேசிவைத்துக்கொண்டு குன்றைப் பிடித்தார்கள். நட்பு நாட்டு ஆயுதத்தைப் பற்றிப் பேசும்போது, அதை ஓட்டியவரும் அதன் பின்னால் நடந்தவரும் ஒரே மொழிக்காரர்கள் இல்லை என்பதும் நினைவிருக்க வேண்டும்.

படைகள் தாங்களே செய்துகொண்ட மாற்றங்கள் இரண்டைச் சொல்ல வேண்டும். லீயின் உச்சிக் கூண்டைப் பலர் கழற்றிவிட்டு வெறும் மூடி போட்டார்கள். உயரமும் குறைந்தது, பார்வையும் கிடைத்தது. இன்னொன்று, எஞ்சின் மேல்தளத்தில் கம்பிவலை. ஜப்பானிய வீரர்கள் காந்தக் கண்ணியையும் வெடிப்பொட்டலத்தையும் கையோடு கொண்டுவந்து வண்டிமேல் வைப்பார்கள். வலை இருந்தால் அது தகட்டோடு ஒட்டாது, சற்று மேலேயே வெடிக்கும். வலையைத் தகட்டோடு படியும்படி கட்டினால் பயனில்லை, இடைவெளிதான் மருந்து.

28 டன் என்பது இந்தியச் சாலைகளுக்கும் பாலங்களுக்கும் பெரிய சுமை. டாங்கி போவதற்கு முன்னால் சப்பர்கள், அதாவது படைப் பொறியாளர்கள், போயாக வேண்டும்; பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சப்பர்கள் உட்பட மூன்று சப்பர் படைகளும் பர்மா வழியில் சாலையும் பாலமும் போட்டவை. மழை இறங்கிவிட்டால் ரப்பர் தடம் சேற்றில் வழுக்கும், பனியில் வழுக்கியது போலவே. இங்கேயும் அதே இரும்புப் பற்கள்தான்.

கப்பலிலிருந்து இறங்கியதும்

பெறும் படைக்கு முதல் சில நாள் வேலையைச் சொல்லிவிடலாம். குழலுக்குள் துருவுக்காகப் பூசிய கிரீஸை முழுக்கத் துடைக்காமல் ஒரு குண்டுகூடச் சுடக் கூடாது. எஞ்சினில் ஊற்றிய பாதுகாப்பு ஆயிலை வடித்து, கையால் சுற்றிப் பார்த்து, பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். கடற்பயணத்தில் குறிநோக்கி அசைந்திருக்கும். குழல் வாயில் குறுக்கும் நெடுக்குமாக நூல் கட்டி, பின்பக்கம் ஊசித்துளை வழியே பார்த்து, தூரத்துக் கோபுரம் மாதிரி ஏதாவது ஒன்றின் மேல் நூல் சந்திப்பை நிறுத்தி, குறிநோக்கியையும் அதே புள்ளிக்குத் திருக வேண்டும். 75-க்கும் 37-க்கும் தனித்தனியாக. ரப்பர் தடம் முதல் ஓட்டத்திலேயே நீளும். இறுக்கிவிட்டு மறுநாள் மீண்டும் பார்க்க வேண்டும். கருவிப்பெட்டியை எண்ணிக் கையெழுத்து வாங்குவது எல்லாவற்றுக்கும் முன்னால். அந்த ஸ்பேனர் ஊரில் எந்தக் கடையிலும் கிடைக்காது.

ஆஸ்திரேலியாவுக்கு எழுநூறுக்கும் மேல் போயின. இந்த வேலைகளையெல்லாம் சரியாகச் செய்து, பயிற்சி எடுத்து, களத்தில் பீரங்கி டாங்கியாக ஒன்றையும் பயன்படுத்தவே இல்லை. அவர்களிடம் மதிப்பெண் கேட்டுப் பயனில்லை.

1944 மே 13 அன்று கொஹிமாவில், துணை ஆணையர் பங்களாவின் டென்னிஸ் மைதானத்துக்கு மேலே உள்ள படிக்கட்டுத் தளத்துக்கு 149-ஆவது கவசப் படையின் ஒரு லீயைக் கொண்டுவந்து, அங்கிருந்து கீழே மைதானத்துக்கே இறக்கினார்கள். வாரக்கணக்கில் காலாட்படையைத் தடுத்து நிறுத்திய பதுங்குகுழிகளை அது இருபது முப்பது கஜத்திலிருந்து ஒவ்வொன்றாக அடித்தது. அவ்வளவு கிட்டத்தில் குறிநோக்கிகூடத் தேவையில்லை. அதே சண்டையில் சரிவில் உருண்டு நின்றுவிட்ட இன்னொரு லீ கொஹிமாவில் இன்றும் நினைவுச்சின்னமாக இருக்கிறது. பார்க்கப் போகிறவர்கள் அதன் வலப்பக்கப் புடைப்பின் முன் நின்று பீரங்கியின் உயரத்தைத் தங்கள் நெஞ்சோடு அளந்து பார்க்கலாம். பிறகு தலையை உயர்த்தி, அதற்கு மேல் இன்னும் எவ்வளவு இரும்பு இருக்கிறது என்று பார்த்தால், பாலைவனத்துக்காரரின் தீர்ப்பும் ரஷ்யரின் தீர்ப்பும் ஏன் ஒத்துப்போகவில்லை என்பது கண்ணுக்கே தெரியும்.